தண்ணீர் பிடிக்காத பானைக்கு 9 லட்சம் டாலர்! தெரியுமா?

பானை என்றால் அதில் எதையாவது ஊற்றலாம், இல்லாவிட்டால் எதையாவது போட்டு வைக்கலாம். இரண்டுக்கும் உதவாத ஒன்று. பக்கமெல்லாம் கிழிந்து, கோணிக்கொண்டு, பாதி இடிந்த மாதிரி நிற்கும் ஒன்று. அதை 2017 டிசம்பரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் 9 லட்சம் டாலருக்கு மேல் விற்றது தெரியுமா? அதன் பெயர் 'ரொண்டேன்யா'. செய்த ஆண்டு 1958. செய்தவர் பீட்டர் வூல்கோஸ், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிரேக்கக் குடியேறிகளுக்குப் பிறந்தவர்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசை வகை ஒன்றின் பெயர் அது! வூல்கோஸ் கிதார் பைத்தியம். வாசிக்கவும் செய்வார். 'ரொண்டேன்யா', 'பிளாக் புலேரியாஸ்' என்று தன் களிமண் மலைகள் சிலவற்றுக்குக் கிதார் மெட்டுகளின் பெயரையே வைத்தார்.

இதையெல்லாம் விடப் பெரிய வேடிக்கை, அவர் மண்ணைத் தொட்ட கதை. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்துவிட்டு, திரும்பி வந்த ராணுவத்தினருக்கு அரசு கொடுத்த படிப்புதவியில் பொஸ்மன் நகரக் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்தது ஓவியம் படிக்க! செராமிக் வகுப்பு கட்டாயம் என்பதால் வேண்டாவெறுப்பாகப் போனார், போன வேகத்தில் விழுந்தார். ஒரு பருவத்துக்கு ஒரு மாணவருக்குக் கல்லூரி தந்த களிமண் 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்கும் கொஞ்சம் மேல். அது இவருக்கு எந்த மூலைக்கு? பகுதி நேரமாக வேலை பார்த்த உணவகத்துக்கு லாரிகள் வந்து நிற்கும். அவற்றின் டயர்களில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தே நல்ல களிமண் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். லாரி டயரில் தொடங்கியது, லட்சக்கணக்கான டாலரில் வந்து நிற்கிறது!

அடுத்தது செங்கல் சூளை. மொன்டானாவின் ஹெலனா நகரில் ஆர்ச்சி பிரே என்ற செங்கல் முதலாளி இருந்தார். அவருக்குக் கலைஞர்கள்மேல் ஒரு பிரியம். 1951இல் தன் செங்கல் வளாகத்திலேயே மட்பாண்டக் கலைஞர்களுக்கு ஒரு பட்டறை தொடங்கினார். அங்கே முதலில் தங்கி வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர்: வூல்கோஸும் அவருடைய கல்லூரித் தோழர் ரூடி ஆட்டியோவும். மறு ஆண்டே அந்தச் செங்கல் சூளைக்கு யார் வந்தார்கள் தெரியுமா? இங்கிலாந்தின் பெர்னார்ட் லீச், ஜப்பானின் ஷோஜி ஹமாடா, கைவினைச் சிந்தனையாளர் சோயெட்சு யனாகி! மட்பாண்ட உலகின் மும்மூர்த்திகள் செங்கல் தூசியில் வந்து நின்று செய்துகாட்டினார்கள். அந்த பிரே அறக்கட்டளை இன்றும் நடக்கிறது.

1953 கோடையில் வூல்கோஸ் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார். அங்கே ஜான் கேஜின் இசை, மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனம், ரோஷன்பர்க்கின் ஓவியம். அங்கிருந்து நியூயார்க், அங்கே ஃபிரான்ஸ் கிளைன், டி கூனிங் என்று பெரிய தூரிகையை வீசி வண்ணத்தை அறைகிற அரூப ஓவியர்களின் கூட்டம். அதுவரை போட்டிகளில் பரிசு வாங்கும் அழகான ஜாடிகளை வனைந்துகொண்டிருந்த மனிதர், திரும்பி வந்ததும் ஜாடியை வெட்ட ஆரம்பித்தார். வெட்டினார், குத்தினார், மரக்கட்டையால் அடித்தார், கிழித்ததை வேறு இடத்தில் ஒட்டினார்.

1954இல் லாஸ் ஏஞ்சலஸில், பின்னாளில் ஓட்டிஸ் என்று பெயர் பெற்ற கல்லூரியில், அவருக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. முதல் மாணவர் பால் சோல்ட்னர். அப்புறம் ஜான் மேசன், கென் பிரைஸ், பில்லி ஆல் பெங்ஸ்டன், ஹென்றி டாகெமோட்டோ, மைக்கேல் ஃபிரிம்கெஸ், ஜெர்ரி ராத்மன். இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் இடம் பிடித்திருக்கும் பெயர்கள். ஆசிரியர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. மாணவர்களுக்கு நடுவில் நின்று தானும் மண்ணைப் பிசைந்தார். விடிய விடிய வேலை நடந்தது. கல்லூரி இயக்குநருக்கு இதெல்லாம் பிடிக்காமல் போய் 1959இல் வூல்கோஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் நடந்தது நடந்ததுதான். அதே 1959இல் பாரிஸ் பியனாலேயில் ரோடின் அருங்காட்சியகப் பரிசு, 1960இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. மண்பானைக்காரருக்கு!

இனி, சேகரிப்பவர்கள் கதைக்கு வருவோம். இந்தக் கிழிந்த பானைகளை, உலகம் கைகொட்டிச் சிரித்த காலத்தில், முதன்முதலாகக் கட்டுக்கட்டாக வாங்கியது யார் தெரியுமா? எண்ணெய்க் கிணற்று முதலாளி அல்ல. ஹாலிவுட் நடிகர் அல்ல. ஒரு கணக்கு வாத்தியார்!

ஃபிரெட் மேரர் என்று பெயர். லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி கல்லூரியில் கணிதம் நடத்தியவர். 1950களின் நடுவில் வூல்கோஸின் வேலை ஒன்றைப் பார்த்தார், ஆளைத் தேடிப் பட்டறைக்கே போனார். போனவர் திரும்ப மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். வூல்கோஸிடம் மட்டும் வாங்கவில்லை. பேர் தெரியாத மாணவர்களிடமும் வாங்கினார். அதுவும் அப்போதுதான் சூளையிலிருந்து இறக்கியதை, அடுத்த மாத வாடகைக்கு என்ன வழி என்று விழித்துக்கொண்டிருக்கும் வயதில் இருந்தவர்களிடம். எல்லாம் வாத்தியார் சம்பளத்தில். அவர் ஓய்வதற்குள் நூற்றுக்கணக்கான துண்டுகள் சேர்ந்துவிட்டன. அவற்றை ஏலத்துக்கு அனுப்பிக் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். ஆகவில்லை. ஃபிரெட்டும் மனைவி மேரியும் அவற்றைக் கலிஃபோர்னியாவின் கிளேர்மண்ட் நகரில் உள்ள ஸ்கிரிப்ஸ் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே மண் கலை கற்பித்துக்கொண்டிருந்தவர் யார்? வூல்கோஸின் அதே முதல் மாணவர், பால் சோல்ட்னர்! 1994இல் அந்தச் சேகரிப்பு பெரிய கண்காட்சியாகவும் புத்தகமாகவும் வந்தபோதுதான் பலருக்கு வாயடைத்தது.

என்னைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதி செராமிக் சேகரிப்பின் வரலாற்றில் மேரரைவிடப் பெரிய ஆள் கிடையாது. பணம் இருந்து வாங்கியவர்கள் பிறகு நூறு பேர் வந்தார்கள். 'இது எதற்கு உதவும்?' என்று கேட்காமல் வாங்கிய முதல் ஆள் இவர்தான்.

சரி, இவ்வளவு பெரிய களிமண் உருவத்தைச் சூளையில் சுடுவது எவ்வளவு கடினம் தெரியுமா? ஸ்டோன்வேர் வகைக் களிமண் சுமார் 1,250 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வரை வேகும். காய்ந்து, வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்காவது சுருங்கிவிடும். ஐந்தடி உயரத்தில் செய்தால் அரையடி காணாமல் போகும்! ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் இருந்தால் வெவ்வேறு வேகத்தில் சுருங்கிப் பிளக்கும். உள்ளே ஈரம் சிக்கியிருந்தால் நீராவியாகி வெடிக்கும். பக்கத்தில் வைத்திருப்பவனுடைய உழைப்பும் சேர்ந்து போகும். வூல்கோஸ் இதற்கு ஒரு வழி கண்டார். சக்கரத்தில் உருளை உருளையாக வனைந்து ஒன்றுக்குள்ளும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்கித் தூண்கள்போல நிறுத்தி, அதன்மேல் வெளித்தோலை ஏற்றினார். வெளியே பார்த்தால் பாறைக் குவியல், உள்ளே கட்டடம். ஜான் மேசன் இன்னும் ஒரு படி போய், 1959இல் சுமார் 21 அடி நீளத்துக்கு ஒரு நீலச் சுவரையே களிமண்ணில் செய்தார். இருவரும் ஒரே பட்டறையைப் பங்கிட்டுக்கொண்டு, இதற்கென்றே பெரிய சூளை கட்டியவர்கள்.

இங்கேதான் வாங்குகிறவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய செய்தி. வூல்கோஸின் சிற்பங்களில் எபாக்சி பசை இருக்கும்! வெடித்த இடத்தை அவரே எபாக்சியால் ஒட்டினார். சூளையில் வராத நிறத்தை எபாக்சி வண்ணத்தால் அவரே பூசினார். வேறு எந்த மட்பாண்டத்திலும் பசை தெரிந்தால் 'பழுது பார்த்தது' என்று விலை விழும். இவருடையதில் அந்தப் பசையும் ஒரிஜினல்! யாரோ ஒரு புண்ணியவான் 'சுத்தம் செய்கிறேன்' என்று அதைச் சுரண்டி எடுத்தால் போயிற்று, கையெழுத்தை அழித்ததற்குச் சமம்.

இப்போது பசிபிக்கைத் தாண்டுவோம். அமெரிக்காவுக்கு முன்பே ஜப்பான் களிமண் சிற்பத்தில் இறங்கிவிட்டது தெரியுமா? 1948இல், போரில் தோற்று மூன்றே ஆண்டுகளில், கியோட்டோவில் யாகி கசுவோ, சுசுகி ஒசாமு, யமடா ஹிகாரு உள்ளிட்ட இளைஞர்கள் சோதெய்ஷா என்ற குழுவைத் தொடங்கினார்கள். பரம்பரை பரம்பரையாகத் தேநீர்க் கிண்ணம் செய்த ஊர் அது. யாகியின் அப்பாவும் மட்பாண்டக் கலைஞர். அந்த வீட்டுப் பிள்ளை 1954இல் என்ன செய்தார்? சக்கரத்தில் வனைந்த ஒரு வளையத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அதைச் சுற்றிலும் சின்னச் சின்னக் குழாய்களை ஒட்டினார். ஓர் அடிகூட உயரமில்லாத அந்த உருவத்துக்கு 'திரு. சம்சாவின் உலா' என்று பெயர். ஆம், காஃப்காவின் கதையில் ஒரு காலையில் பூச்சியாக மாறி எழுந்திருப்பாரே, அதே சம்சா! ஜப்பானிய நவீன செராமிக் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், பலர் கைகாட்டுவது இதைத்தான். கியோட்டோக் குயவனின் சக்கரம், பிராக் நகரத்து எழுத்தாளரின் பூச்சி. என்ன சேர்க்கை பாருங்கள்!

அதே யாகியின் இன்னொரு வேலை உலகெங்கும் பலருடைய கழுத்தில் தொங்கியிருக்கிறது, தெரியுமா? 1972இல் சப்போரோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் பதக்கத்தின் முன்பக்கத்தை வடிவமைத்தவர் அவர்தான். பக்கத்துக் குழுவான ஷிகோகாயில் இருந்த ஹயாஷி யசுவோ போரின்போது தற்கொலைப்படை விமானியாகப் பயிற்சி பெற்றவர். போர் முடிந்ததால் உயிர் பிழைத்தார். 1948இல் அவர் செய்த களிமண் சிற்பத்தின் பெயர் 'மேகம்'.

இசாமு நொகுச்சி என்றால் பலருக்கு அந்தக் காகித விளக்கு நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் கண்ணாடி மேசை. அவர் வாழ்நாளில் மூன்றே தடவைதான் மண்ணில் முழு மூச்சாக இறங்கினார்: 1931, 1950, 1952. மூன்றும் ஜப்பானில்! வேறு எந்த நாட்டிலும் அவர் செராமிக் செய்யவில்லை. கடைசித் தடவை வட கமாகுராவில், சமையலிலும் பாண்டத்திலும் மேதையான கிதாவோஜி ரோசன்ஜினின் நிலத்தில் இருந்த பழைய விவசாயி வீட்டில், அவருடைய சூளையைப் பயன்படுத்தி, அப்போது மணந்திருந்த திரைப்பட நட்சத்திரம் யமகுச்சி யோஷிகோவுடன் தங்கிச் செய்தார். மூன்றே தடவை செய்ததால்தான் நொகுச்சியின் மண் வேலை ஏலத்துக்கு வருவது அபூர்வம்.

ஐரோப்பாவிலோ அட்டகாசம் வேறு மாதிரி. டென்மார்க் ஓவியர் ஆஸ்கர் யோர்ன், ஆர்ஹூஸ் நகரப் பள்ளி ஒன்றுக்கு 27 மீட்டர் நீளச் சுவர்ச் சிற்பம் செய்ய இத்தாலியின் அல்பிசோலாவுக்குப் போனார். ஈரக் களிமண்ணைத் தரையில் பரப்பிவிட்டு, அதன்மேல் என்ன ஓட்டினார் தெரியுமா? ஸ்கூட்டர்! டயர்த் தடம் அப்படியே வெந்து 1959இல் பள்ளிச் சுவரில் ஏறிவிட்டது. வூல்கோஸுக்கு டயரிலிருந்து மண், யோர்னுக்கு மண்ணில் டயர். அதே அல்பிசோலாவில்தான் லூச்சியோ ஃபொன்டானா பெரிய களிமண் உருண்டைகளை உருட்டி நடுவில் பிளந்து வைத்தார். கித்தானைக் கத்தியால் கீறிப் புகழ் பெற்ற அதே ஃபொன்டானாதான்.

பாரிஸ் யுனெஸ்கோ தலைமையகத்தில் ஜுவான் மிரோவும் நண்பர் யோரென்ஸ் ஆர்டிகாஸும் செய்த சூரியன், சந்திரன் சுவர்கள் (1958) குகன்ஹைம் சர்வதேசப் பரிசு வாங்கியவை. முதலில் சுட்ட ஓடுகள் ஒரே அளவில், ஒரே சீராக, அழகாக வந்தன. அதனாலேயே அவற்றை ஒதுக்கிவிட்டார்கள் தெரியுமா? ஆல்டமிரா குகை ஓவியத்தையும், ஒரு பழைய தேவாலயச் சுவரையும், பார்சிலோனாவில் கௌடி கட்டிய பூங்காவையும் போய்ப் பார்த்துவிட்டு, கோணல்மாணலாக மறுபடி செய்தார்கள்.

பிக்காஸோவை இந்த வரிசையில் சேர்ப்பதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவருடைய மண் வேலையில் ஆந்தையும் முகமும்தான் அதிகம், அரூபம் குறைவு. ஆனாலும் ஒரு தகவல்: வல்லோரிஸ் ஊரின் மதுரா பட்டறையில் அவர் வடிவமைத்த 633 உருப்படிகள் வரையறுத்த எண்ணிக்கையில் பிரதி எடுக்கப்பட்டன, சிலது 25, சிலது 500. பட்டறை முத்திரை அடியில் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பதுதான் வாங்குகிறவர்களின் முதல் வேலை.

லண்டனில் பொத்தான்! ஹிட்லரிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து வந்த லூசி ரீ, தையல்கடைகளுக்குப் பீங்கான் பொத்தான் செய்து பிழைத்தார். 1946இல் அந்தப் பொத்தான் வேலைக்கு உதவியாளாக வந்தார் இன்னொரு அகதி, ஜெர்மனியின் ஹான்ஸ் கோப்பர். மண்ணைத் தொட்டே பழக்கமில்லை. அவர் பின்னாளில் கவன்ட்ரி தேவாலயத்துக்கு ஏழடி உயர மெழுகுவத்தித் தாங்கிகளைத் துண்டு துண்டாகச் செய்து, கம்பியில் கோத்து நிறுத்தினார். 1962இல் திறந்த அந்தத் தேவாலயத்தில் இன்றும் நிற்கின்றன. ரூத் டக்வொர்த்தும் ஜெர்மனியிலிருந்து வந்த அகதிதான். போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை, பிறகு கல்லறைக் கல் செதுக்கும் வேலை. 1964இல் சிகாகோ போய்ச் சுவர் அளவுச் சிற்பங்கள் செய்தார். பெரும்பாலானவற்றுக்குப் பெயரே வைக்கவில்லை. சேகரிப்பவர்கள் இன்றும் ஆண்டையும் அளவையும் வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள்.

இவர்கள் எல்லோரையும்விட என் மனம் போவது தோஷிகோ டகேசுவிடம். ஹவாயில் ஜப்பானியக் குடும்பத்தில், பதினொரு பிள்ளைகளில் ஒருவராக 1922இல் பிறந்தவர். பானைக்கு வாயே வேண்டாம் என்று முடிவு செய்தவர்! கழுத்தை வனைந்துகொண்டே போய் அடைத்துவிடுவார்; சூடான காற்று வெளியேற மேலே ஊசித்துளை மட்டும். அடைக்கும் முன்பு களிமண் உருண்டையைக் காகிதத்தில் சுற்றி உள்ளே போடுவார் தெரியுமா? காகிதம் ஏன்? ஈரப் பானையில் உருண்டை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. சூளையில் காகிதம் எரிந்துபோகும், உருண்டை வெந்து கல்லாகும். பானையைத் தூக்கினால் கலகலவென்று ஒலிக்கும்! சிலவற்றின் உட்பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். என்ன எழுதினார் என்று படிக்க வேண்டுமானால் பானையை உடைக்க வேண்டும். யார் உடைப்பார்கள்? போதாததற்கு, சூளைச் சூட்டில் காய்கறியும் சமைப்பார் இந்த அம்மையார்.

சமையல் என்றதும் இன்னொன்று. சான் ஃபிரான்சிஸ்கோவின் வின் இங், 1950களின் கடைசியில் நல்ல அரூப செராமிக் சிற்பி. அவரே பிறகு நண்பருடன் டெய்லர் அண்ட் இங் என்று கடை போட்டு, அமெரிக்க வீடுகளில் சீன வாணலியைப் பிரபலமாக்கினார். அவருடைய காபிக் கோப்பைகளைத் தெரிந்த அளவுக்கு அவருடைய சிற்பங்களைத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் அந்தச் சிற்பங்களைத் தேடுகிறவர்களுக்குப் போட்டியும் குறைவு.

நம் பக்கம் இந்த அலை வந்ததா? வந்தது, ஒரு தலைமுறை தள்ளி. கலிஃபோர்னியாவில் செராமிக் படித்த ரே மீக்கரும், ஜப்பானில் மட்பாண்டம் கற்ற டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இந்திய ஸ்டூடியோ செராமிக் கலைஞர்களில் பெரிய ஒரு கூட்டம் அங்கே கற்றுப் போனதுதான். மீக்கர் சிற்பத்தோடு நிற்காமல், பச்சைச் செங்கல்லால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிக் கொளுத்திச் சுட்டெடுத்தார் தெரியுமா? புதுச்சேரி போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

வாங்க ஆசை வந்துவிட்டதா? சில சூட்சுமங்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். பிற்காலத்தில் ஒட்டிய பசையும் பூசிய பெயின்ட்டும் பெரும்பாலும் தனி நிறத்தில் மின்னிக் காட்டிக்கொடுக்கும். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். விரிசலின் உள்ளே கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு வழிந்திருந்தால் அது சூளை வேலை முடிவதற்கு முன்பே வந்தது, கலைஞர் பார்த்து ஏற்றுக்கொண்டது. சுத்தமாக, கூர்மையாக இருந்தால் யாரோ கீழே போட்டது. தூக்கும்போது காதைப் பிடிக்காதீர்கள், நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் பிடிக்காதீர்கள். ஒரு கை அடியில், ஒரு கை உடம்பில். சோல்ட்னர் வழியில் வந்த ராக்கு வகையைத் தண்ணீரில் கழுவவே கூடாது. அது முழுக்க வேகாத மண், ஈரத்தை உறிஞ்சும். நிலநடுக்கத்துக்குப் பேர்போன கலிஃபோர்னியாவில் சேகரிப்பவர்கள் ஒவ்வொன்றின் அடியிலும் மெழுகு வைத்து அலமாரியோடு ஒட்டிவிடுகிறார்கள். பூனை வளர்க்கும் வீட்டுக்கும் அதையே சிபாரிசு செய்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காகிதம். யாரிடமிருந்து, எந்த ஆண்டு, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்ற ரசீதும், பட்டறையில் எடுத்த ஒரு பழைய புகைப்படமும் கூட இருந்தால், கையெழுத்தில்லாத துண்டுக்கும் மதிப்பு உண்டு. இல்லாவிட்டால் நல்ல துண்டும் சந்தேகத்தில் கிடக்கும். இன்று ஓர் இளம் கலைஞரிடம் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிறீர்களா? பெயரையும் தேதியையும் அவர் கையாலேயே எழுதி வாங்கி, ரசீதோடு சேர்த்துப் பீரோவில் வையுங்கள்.